உல்லம் மீனின் தாய்வீடு

முன்னொரு காலத்தில் வடகயல் நாட்டைச் சித்திரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான், வயிறு நிறைந்திருக்கும்போது. மண்டபத்து ஜன்னலில் உட்கார்ந்தால் ஏரிபோலத் தண்ணீர் தெரிய வேண்டும் என்று அவனுக்கு ஒருநாள் ஆசை வந்தது. ராஜாவுக்கு ஆசை வந்தால் போதாதா? ஆற்றின் குறுக்கே ஒன்றரை ஆள் உயரத்தில் அணை எழும்பிவிட்டது. கட்டியவர் தாண்டவராயர். "எறும்பு நுழைய இடம் விடவில்லை, பிரபு" என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொள்வார்.

எறும்புக்கு அங்கே என்ன வேலை? வேலை இருந்தது உல்லம் மீனுக்கு. ஆடியில் புதுவெள்ளம் வந்ததும் வயிறு நிறையச் சினையோடு கடலிலிருந்து ஆற்றில் ஏறி, தான் பிறந்த மணல்திட்டில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பும் மீன் அது. அந்த வருடம் வந்ததெல்லாம் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

கரையில் வலைவீசிப் பிழைக்கும் சடைச்சிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் சனங்கள் சினை உல்லத்தைப் பிடிக்கவே மாட்டார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண் என்பார்கள் அதை. இருபது பேரைக் கூட்டிவந்து வரிசையாக நிறுத்தினாள். ஈரத்துணியில் மீனை ஏந்தி, கைமாற்றிக் கைமாற்றி அணைக்கு மேலே விட்டார்கள். கூலி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. "பாத்துப்பா, வயிறு அழுந்தப் போவுது" என்ற சத்தம்தான் விடிந்ததிலிருந்து கேட்கும்.

ஊரெல்லாம் சடைச்சி பேச்சாகிவிட்டது. தாண்டவராயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிரபு, தங்கள் அணையில் குறை இருக்கிறதென்று ஒரு வலைக்காரி ஊருக்கே காட்டிக்கொண்டிருக்கிறாள்."

"என் அணையிலா? இனி எதையாவது தூக்கி அணையைத் தாண்டவிடுகிறவனுக்குப் பன்னிரண்டு கசையடி!" என்றான் ராஜா.

சடைச்சி அவைக்கு ஓடினாள். "மகாராசா, அதுங்க புள்ளத்தாச்சிங்க. தாய்வீட்டுக்குப் போவுதுங்க."

"மீனுக்குத் தாய்வீடா? சீர்வரிசை யார் செய்வது, நீயா?" என்றான் ராஜா. அவை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "சரி, எட்டு நாள் தருகிறேன். என் அணையில் ஒரு குறையை என் கண்ணுக்குக் காட்டு. காட்டினால் உத்தரவை ரத்து செய்கிறேன். இல்லையென்றால் கசையடி உனக்குத்தான்."

ராஜாவின் மகள் கழிமுகத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்கு அந்த வாரம் வருவதாக இருந்தது. பல்லக்கில்தான் வருவாள். ஆனால் கழிமுகத்து ஓடக்காரர்கள் எல்லாரும் சடைச்சிக்கு மாமன் மச்சான்கள். அவள் சொல்லியனுப்பினாள்: "மழையில பாதையெல்லாம் குழி. நிறைமாசக்காரியைக் குலுக்கிக் கொண்டாராதீங்க. ஆத்து வழியாக் கூட்டியாங்க." கேட்டவர்களுக்கு நியாயமாகவே பட்டது.

எட்டாம் நாள் மகளை வரவேற்க மேளதாளத்தோடு அணைமேல் ராஜா காத்திருந்தான். படகு வந்தது. சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. படகு அணையைத் தாண்ட வழி வேண்டும் என்பதே அதுவரை அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு கரையிலும் தொடையளவு சேறு.

"திரும்பிப் போய் நாலு காதம் சுற்றி வரட்டும், பிரபு" என்றார் தாண்டவராயர்.

"அப்பா, வலி எடுத்துருச்சுப்பா!" என்று படகிலிருந்து அலறினாள் மகள்.

அந்த அலறலில் சடைச்சிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இப்படியா ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும்? ஆனால் சுவருக்கடியில் எட்டு நாளாக அலறத் தெரியாததுகள் நின்றுகொண்டிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"தூக்குங்களடா!" என்று கத்தினான் ராஜா. இருபது பேரும் கைகட்டி நின்றார்கள்.

"தூக்குனா கசையடி, மகாராசா. உங்க உத்தரவு. நீங்க கேட்ட குறை இதுதான். தாய்வீடு மேல இருக்கு, வழியில்ல."

ராஜா அணைமேலேயே உட்கார்ந்துவிட்டான். "உத்தரவு ரத்து. தூக்கு, தாயே!"

மீன் சுமந்த ஈரத்துணியில் ராஜகுமாரியை ஏந்தி, கைமாற்றி மேலே சேர்த்தார்கள். சாயங்காலம் ஆண்குழந்தை பிறந்தது.

மறுநாள் விடியும் முன்பே அவைக்கு அழைத்து, ராஜா சடைச்சியை வாயாரப் புகழ்ந்தான். "இனி ஒவ்வொரு ஆடியிலும் தாண்டவராயர் உன்னோடு நின்று மீன் சுமப்பார்!" தாண்டவராயர் தலை தொங்கியது.

"அணையில ஒரு வாய் திறந்து விட்டா யாருமே சுமக்க வேண்டாமே, மகாராசா."

"அதை மட்டும் கேட்காதே. ஜன்னலில் தண்ணீர் இறங்கிவிடும்."

சடைச்சி ஆற்றுக்கு ஓடினாள். சுவருக்கடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பேரன் பிறந்த விருந்துக்காக அரண்மனைச் சமையல்காரர்கள் விடியும்போதே வலை போட்டு அரித்திருந்தார்கள். தப்ப வழியில்லாத மீன், ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விருந்தில் முதல் இலை அவளுக்கு. சினை வறுவல் வைத்திருந்தார்கள். "எப்படி இருக்கிறது?" என்றான் ராஜா.

"இனிமே வரப்போற வருசத்து மீனையெல்லாம் இன்னைக்கே சமைச்சிட்டீங்க, மகாராசா."

"இவள் வாய்க்கு ஈடே இல்லை!" என்று தொடையைத் தட்டிச் சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான் ராஜா. அவையும் கைதட்டியது. இலையைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

அடுத்த ஆடியில் அணைமேல் இருபது பேரும் நின்றார்கள். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டவராயரும் நின்றார். புதுவெள்ளம் வந்து நாலு நாளாயிற்று, எட்டு நாளாயிற்று. தாண்டவராயர் குனிந்து பார்த்தார்.

"மீனையே காணோமே, சடைச்சி. அப்படியென்றால் என் தண்டனை தீர்ந்ததென்று மன்னரிடம் நீயே சொல்லிவிடு" என்று மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.