ஒன்பதாவது சுற்று

டிரம்பெட் கற்றுக்கொள்ளப் போனபோது தணிகாசலத்துக்கு ஐம்பத்தைந்து வயது. சொல்லிக்கொடுத்த ஹெப்சி மிஸ்ஸுக்கு முப்பத்திரண்டு.

ஒரு வருஷத்தில் ஊதப் பழகிவிட்டார். உடனே பெரம்பூரில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டின் மாடியைப் பிடித்து ஜாஸ் கிளப் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு. அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம். சிலேட்டில் பெயர் எழுதினால் போதும்.

அது நடந்து ஆறு வருஷம். ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தணிகாசலம் வந்து நின்றார்.

"மிஸ், ஒரு கேள்வி."

"கேளுங்க சார்."

"ஒருத்தரை வராதீங்கன்னு எப்படிச் சொல்றது?"

"யாரை?"

"மேகநாதனை."

மேகநாதன் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். நாலு மாதமாகக் கிளப்புக்கு வருகிறார்.

"நல்லா வாசிக்கலையா?"

"நல்லாத்தான் வாசிக்கறாரு. அதான் கொடுமை. நிறுத்த மாட்டேங்கறாரு." தணிகாசலம் கன்னத்தை உப்பிக்கொண்டு இல்லாத கிளாரினெட்டைப் பிடித்தார். "பீ... பீபீ... பீ... இப்படிப் போகும். முடிஞ்சுதுன்னு நீங்க கையைத் தூக்குவீங்க தட்டறதுக்கு. தட்ட முடியாது. மறுபடியும் பீ."

மிஸ் சிரித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை.

"ஆளுக்கு ரெண்டு சுத்துன்னு பேச்சு. அவரு ஒம்பது வாசிக்கறாரு. போன வாரம் முப்பது பேரு வந்தாங்க. அவரு முடிக்கறப்ப பதினோரு பேரு. அதுல எட்டு பேரு வாசிக்க வந்தவங்க. மீதி மூணு பேரு டீக்காக உக்காந்திருந்தாங்க."

"நீங்க அவர்கிட்ட சொல்லிப் பாத்தீங்களா?"

"எப்படி மிஸ்? பாவம், ஊர்வலத்துல ஊதிட்டு அந்த வேர்வையோடயே ஓடி வர்றாரு. எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்க. ஒண்ணு அவரு நிக்கணும், இல்லேன்னா கிளப் நிக்கணும். எனக்கு முடியல."

கடைசி வார்த்தையைத் தாளைப் பார்த்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை வரேன் சார்" என்றார் மிஸ்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே மிஸ் போய்விட்டார். மாடிப்படியில் தணிகாசலம் ஏறிக்கொண்டிருந்தார். பெரிய டிரம்மை வயிற்றோடு அணைத்திருந்ததால் முன்னால் படி தெரியவில்லை. காலால் தடவித் தடவி ஏறினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

கீழே தன் ஆட்டோவில் சாய்ந்து பஷீர் நின்றான். கிளப்பில் பேஸ் கித்தார் வாசிப்பவன்.

"என்ன பஷீர், அவரு தூக்கறாரு, நீ நிக்கறே?"

"நான் தூக்கறேன்னுதான் சொன்னேன் மிஸ். நீ போன தடவை செவுத்துல இடிச்சே, தொடாதேங்கறாரு. அந்தப் போன தடவை ரெண்டு வருஷம் முன்னாடி மிஸ்."

மேலே தணிகாசலம் நாற்காலி விரித்தார். மின்விசிறியின் இறக்கையைத் துடைத்தார். சிலேட்டைத் துடைத்தார். டீக்கு இஞ்சி தட்டினார். ஒருவர் டிரம் மேல் தன் காய்கறிப் பையை வைத்தார், தணிகாசலம் அதை எடுத்துக் கீழே வைத்தார். பை சாய்ந்து வெங்காயம் உருண்டது. குனிந்து பொறுக்கினார். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதல் பாட்டை அவரே வாசித்தார். பிறகு ஓரத்துத் தூணில் சாய்ந்து நின்றார். அது அவர் இடம்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டை ஒரு முறை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, அதே பாட்டின் நீளத்துக்குத் தன் மனம்போல் வாசிக்க வேண்டும். அது ஒரு சுற்று. சுற்று முடிகிறபோது தூணைப் பார்க்க வேண்டும். தணிகாசலம் தலையாட்டினால் இன்னொரு சுற்று. உச்சந்தலையில் கையை வைத்தால் நிறுத்த வேண்டும்.

மேகநாதன் வந்தார். பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லை. முதல் சுற்றில் யாரோ "அடடா" என்றார்கள். இரண்டாவது சுற்று முடிந்ததும் கைதட்டல் பெரிதாக எழுந்தது. அது அடங்குவதற்குள் மூன்றாவது.

நான்காவதில் முன்வரிசை அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "குக்கரை வெச்சுட்டு வந்தேன்டி. மூணு விசில்ல எறக்கணும்."

"இப்ப எத்தினி விசில் ஆயிருக்கும்?"

"இந்தாளு விசில்ல எனக்கு எண்ணிக்கையே மறந்துபோச்சு."

ஐந்தாவதில் இருவரும் எழுந்து போனார்கள். ஆறாவதில் ஒரு குடும்பமே செருப்பைத் தேடியது. ஏழாவதில் பஷீர் யாரையும் பார்ப்பதை விட்டுவிட்டான்.

ஹெப்சி மிஸ் மேடையைப் பார்க்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது சுற்று முடிகிற நேரம் கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. தணிகாசலத்தின் கை திடுக்கென்று உச்சந்தலைக்குப் போனது. பாட்டு முடிந்தது. எட்டுப் பேர் கைதட்டினார்கள், விடுதலையான மாதிரி.

டீக்கு இடைவேளை. தணிகாசலம் மிஸ்ஸிடம் வந்தார்.

"பாத்தீங்களா மிஸ்? ஒம்பது."

"எண்ணினீங்களா?"

"பஷீர் எண்ணிச் சொல்லுவான் வாராவாரம். நீங்க இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

மிஸ் மேகநாதனைக் கூப்பிட்டார். அவர் ஈரத் துண்டை உதட்டில் ஒற்றிக்கொண்டே வந்தார்.

"ஏன் சார் இவ்வளவு நேரம் வாசிக்கறீங்க?"

மேகநாதன் தணிகாசலத்தைப் பார்த்தார். தயங்கினார்.

"ஐயா தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னிக்குக் காலையிலேர்ந்து மூணு ஊர்வலம். குதிரை வாலைப் பாத்துக்கிட்டே நடந்து நடந்து ஊதியிருக்கேன். இங்க வந்து நம்ம மனசுக்கு ரெண்டு சுத்து வாசிச்சா ஒரு நிம்மதி. அதுக்குத்தான் வரேன். ரெண்டு முடிஞ்சு ஐயாவைப் பாக்கறேன். தலையாட்டறாரு. சரி, ஆசைப்படறாரு, இன்னொண்ணு. பாக்கறேன். ஆட்டறாரு. அஞ்சுக்கு மேல எனக்குச் சரக்கு இல்லைங்க. மாப்பிள்ளை அழைப்புப் பாட்டு, வளைகாப்புப் பாட்டு எல்லாத்தையும் கலந்து ஓட்டறேன். அப்பவும் கண்ணை மூடிக்கிட்டு, ரசிச்சு ரசிச்சு ஆட்டறாரு. என் சம்சாரமே என் வாசிப்பை அப்படிக் கேட்டதில்ல. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிறுத்தறது?"

துண்டை எடுத்துக் காட்டினார். ஒரு ஓரத்தில் ரத்தம்.

"அடுத்த வாரத்திலேர்ந்து வர வேணாம்னு இருக்கேங்கய்யா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ஒரு மாசமா முழிக்கறேன்."



"கண்ணை மூடி ரசிச்சீங்களா சார்?" என்று கேட்டார் மிஸ்.

தணிகாசலம் தரையைப் பார்த்தார். பஷீர் மிஸ்ஸைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். திடீரென்று அவனுக்கு விளங்கிவிட்டது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தூணில் சாய்ந்தான். கண்ணை மூடினான். மோவாய் மெல்ல மெல்ல இறங்கி நெஞ்சில் இடித்தது. விலுக்கென்று நிமிர்ந்தான். மறுபடி இறங்கியது.

"இந்தா, இன்னொரு சுத்து..." கொர். "இந்தா, இன்னும் ஒண்ணு..." கொர்.

மாடி முழுக்கச் சிரித்தது. மேகநாதனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, உதடு வலித்தது. "தூக்கமா? ஐயா, அதெல்லாம் தூக்கமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிரிப்பு ஓய்ந்த பிறகு தணிகாசலம் சொன்னார்:

"மேகநாதன், கட்டாயம் வாங்க. ரெண்டு சுத்து போதும்."

"சத்தியமா போதுங்களா?"

"போதும்."

"இந்த ஒரு வார்த்தையை மொதல் வாரமே சொல்லியிருந்தா என் உதடு பொழச்சிருக்குமேய்யா!" என்றார் மேகநாதன். டீயை ஊதிக்கூடப் பார்க்காமல் குடித்து, "ஸ்ஸ்" என்று துள்ளினார்.

மேடையிலிருந்து யாரோ, "அடுத்தது யாருப்பா?" என்றார்கள்.

தணிகாசலம் தூணை நோக்கி நடந்தார். பாதத்தைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்துத்தான் நடந்தார். மிஸ் ஒரு நாற்காலியை எடுத்து அவர் வழியில் போட்டார்.

"நான் அங்க நிக்கணும் மிஸ். நிக்கலேன்னா எப்ப முடிக்கறதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மேகநாதன் சாருக்கு ரெண்டாவது சுத்துலயே தெரிஞ்சுது. ஆறு வருஷமாத் தெரியாதது உங்களுக்குத்தான்."

தணிகாசலம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் பஷீரே சிலேட்டைப் பார்த்துப் பெயரை வாசித்தான். தப்பாக வாசித்தான். ஒரு பெண் தன் பெயரைத் திருத்திக்கொண்டே மேலே ஏறினாள். பாட்டு தொடங்கிவிட்டது. யாரும் தூணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கிளப்பை மூடிடலாங்கறீங்களா மிஸ்?"

"மூடறதுக்கும் தெம்பு வேணும் சார். மொதல்ல உட்காருங்க."