மண் படாத ஷூ

ஆண்டவன் அறிவைப் பங்கு வைத்த அன்றைக்கு, கூழப்பாடி பஜனைக் கோஷ்டி நாலு பேரும் காணாமல் போன ஜால்ராவைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. அவர்களில் மூத்தவர் ஏகாம்பரம். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற வேலை. செருப்பு அறுந்துபோய், பங்குனி வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு போய்வந்து, பாவம், உள்ளங்கால் தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி ஆகிவிட்டது.

மகள் பூங்கோதைக்கு மனசு கேட்கவில்லை. டவுன் கடையில் ஒரு ஜோடி வெள்ளை ஷூ வாங்கிவந்தாள். பக்கவாட்டில் பச்சைக் கோடு. கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும்.

"இது அந்தக் காலத்து மாடல்ப்பா. இப்ப எல்லாரும் தேடிப் போடுறாங்க. தினமும் போட்டுக்க ஏத்ததான்னு பாருங்க. பிடிக்கலேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக்கலாம். ஆனா அடியில மண்ணு படக்கூடாதாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

சாயங்காலமே கோஷ்டி டீக்கடை பெஞ்சில் கூடியது. சிங்காரம்தான் முதல் சிக்கலைக் கிளப்பினார்.

"அந்தக் காலத்து மாடல்னா நம்மைவிடப் பெரியவர் இல்லியா? பெரியவங்க மேல காலை வைக்கலாமாண்ணே?"

சபை இன்னொரு ரவுண்டு டீ சொல்லி யோசித்தது. கடைசியில் தாண்டவன் வழி சொன்னான்: தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் தோஷமில்லை. ஏகாம்பரம் இரண்டு ஷூவையும் தனித்தனியாக ஒற்றிக்கொண்டார். வலதை மட்டும் ஒற்றினால் இடது மனசு வருத்தப்படுமே!

போட்டுக்கொண்டு எழுந்தவரை வேலப்பன் பிடித்து உட்கார வைத்தான்.

"ஐயோ, மண்ணு படக்கூடாதுன்னு பொண்ணு சொல்லிச்சே!"

"நடக்காம எப்படிடா பார்க்கிறது?"

"நீங்க ஏண்ணே நடக்கணும்? ஷூ உங்க கால்ல இருக்கட்டும். நடக்கிறதை நாங்க பார்த்துக்கிறோம்."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து சுவாமி புறப்பாடு மாதிரி அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமையாசிரியர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். தூக்கியவர்களுக்குச் செருப்பு இல்லையா என்றால், இருந்தது. சாமி தூக்கின பழக்கத்தில் கழற்றி வைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை தீர்ப்பு.

"காலுக்கு எப்படிண்ணே?"

"மெத்து மெத்துன்னு இருக்குடா. கடிக்கல. பழைய புண்ணுகூட ஆறிடுச்சு."

"எங்களுக்குத் தோள்பட்டை போச்சு. உள்ளங்கால் பூராக் கொப்புளம்" என்று முனகினார் சிங்காரம். "இதைப் போய் எல்லாரும் தேடிப் போடுறாங்களாம்! அவங்க வீட்டுல எத்தனை பேர் தூக்குறாங்களோ!"

"ஒருத்தர் போட்டுக்க மூணு பேர் முடமாகணும்னா தினசரிக்கு ஆகாது" என்றான் தாண்டவன்.

மறுபடி வெறுங்கால்தானா என்று ஏகாம்பரம் உள்ளங்காலை ஒருதரம் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் நியாயம் நியாயம்தானே! ஷூவைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் ஷூவைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு மண் இல்லை.

"புதுசாவே இருக்கே. என்ன குறை?"

"கனம்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

அவர் இருப்பதிலேயே லேசான ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை எடுத்துப் போட்டார். இந்த வருஷத்து மாடலாம். சின்னவன்தானே என்று ஏகாம்பரம் கண்ணில் ஒற்றாமலேயே காலை நுழைத்தார். கடை வாசலில் மூன்று பேரும் தங்கள் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அவரைத் தூக்கினார்கள்.

"அப்பாடி!" என்றான் வேலப்பன். "இதுல்ல தினசரிக்கு ஏத்தது! பூ மாதிரி இருக்கீங்கண்ணே!"