வாகைக்காய் கட்டிய கொடி

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கரைப் பள்ளத்தில், முள்ளி என்ற முள்ளம்பன்றி தன் இரண்டு குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் முள்கூடச் சரியாக விறைக்கவில்லை. ஓடையில் வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்தப் பள்ளம்தான். 

காட்டுக்குச் சேதி சொல்வது கருங்குரங்கார். உயரமான இலவ மரத்தில் உட்கார்ந்து கூவுவார். அதற்கு வீட்டுக்கு வீடு பழம் போகும். பள்ளத்துக்கு மட்டும் அவர் குரல் எட்டாது. கேட்டால், "நாலு வீட்டுக்காக நான் தொண்டையைக் கிழிச்சுக்கணுமா?" என்பார். அந்த நாலு வீட்டுப் பழத்தை மறக்காமல் வாங்கிக்கொள்வார், மகராசன்.

முள்ளி ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டுக்கு வீடு கொடி இழுத்து, முனையில் காய்ந்த வாகைக்காய்களைக் கட்ட வேண்டும். இங்கே இழுத்தால் பக்கத்து வீட்டில் கலகலக்கும். அவர்கள் அடுத்த வீட்டுக்கு இழுப்பார்கள். ஓர் இழுப்பு என்றால் வேட்டைநாய். மூன்று இழுப்பு என்றால் வெள்ளம்.

"அவ்வளவு கொடிக்கு எங்கே போறது?" என்று கேட்டது அதே பள்ளத்தில் குடியிருந்த சேந்தன் முயல்.

"ஆளுக்குப் பத்து முழம் கொண்டு வாங்க. முளை அடிக்க என் உதிர்ந்த முள்ளு இருக்கு. வீட்டுக்கு ரெண்டு கொடி, ரெண்டு பக்கத்து வீட்டுக்கு."

இதைக் கேட்டுக் கருங்குரங்கார் மரத்தைவிட்டு இறங்கி வந்தார். "உங்களுக்கு ஏன் சிரமம்? கொடி முழுக்க நானே தர்றேன். பழம்கூட வேண்டாம். எல்லா முனையும் என் மரத்துக்கு வரட்டும். சேதியை நான் பிரிச்சு அனுப்பறேன்."

"இலவசமா!" காடே வாயைப் பிளந்தது.

"நீங்க மரத்தில இல்லாதப்போ?" என்றது முள்ளி.

"நான் எங்கே போகப்போறேன்?"

"நாவல்பழக் காலம் வருதே, அண்ணே."

அவர் காதைச் சொறிந்துகொண்டார். சேந்தனுக்குத்தான் கோபம் வந்தது. "சும்மா கிடைக்கிறதை வாங்கிக்கத் தெரியாதா அக்கா உனக்கு?"

எல்லோரும் இலவ மரத்துக்கே கொடி கட்டினார்கள். மேலோடையில் இருந்த நீர்நாயும், ஓடை வளைவில் இருந்த ஆமையும் மட்டும் முள்ளிக்காக ஆளுக்குப் பத்து முழம் கொடுத்தார்கள். ஆமை கொண்டுவந்து சேர்க்க எட்டு நாள் ஆனது. நீர்நாயிடமிருந்து ஆமைக்கு ஒரு கொடி, ஆமையிடமிருந்து முள்ளிக்கு ஒன்று. தன் பங்குக் கொடியை முள்ளி சேந்தன் வீட்டு வாசலுக்கு இழுத்தது.

"வாசல்ல காலைத் தடுக்குது!"

"தடுக்கட்டும். அறுத்துடாதே."

ஒரு நாள் உச்சி வெயில். பள்ளத்தில் ஒரு தூறல் இல்லை. மலைமேல் மட்டும் பேய்மழை. செந்தண்ணீர் திரண்டு வருவதை நீர்நாய் பார்த்தது. இலவ மரத்துக் கொடியை மூன்று தரம் இழுத்தது. மரத்தில் காய்கள் கலகலத்தன. கேட்கத்தான் ஆள் இல்லை. கருங்குரங்கார் அக்கரையில் நாவல்பழம் தின்றுகொண்டிருந்தார்.

நீர்நாய் உடனே ஆமை வீட்டுக் கொடியை இழுத்தது. நடையில்தான் ஆமை மந்தம், கொடி இழுப்பதில் இல்லை. முள்ளியின் வளையில் காய்கள் மூன்று தரம் குலுங்கின.  முள்ளி குட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஓடும் முன், சேந்தன் வீட்டுக் கொடியை மூன்று தரம் இழுத்துவிட்டுத்தான் ஓடியது. சேந்தன் தன் குடும்பத்தோடு, பக்கத்து வீட்டுக் கீரியையும் எழுப்பிக்கொண்டு மேட்டுக்கு வந்து சேர்ந்தது. திரும்பிப் பார்த்தால் பள்ளத்தில் வளை எது, ஓடை எது என்று தெரியவில்லை.

சாயங்காலம் வாயெல்லாம் ஊதாவாகக் கருங்குரங்கார் வந்தார். "என்ன, எல்லாரும் மேட்டில இருக்கீங்க?"

 சேந்தன் போய் இலவ மரத்திலிருந்து தன் கொடியை அவிழ்த்தது. "இதை யார் வீட்டுக்குக் கட்டட்டும், அக்கா?"

"கீரி வீட்டுக்குக் கட்டு."

ஒவ்வொருவராகக் கொடியை அவிழ்க்க, கருங்குரங்கார் பதறிப்போனார். "அப்போ எனக்கு?"

"உங்களுக்கும் ரெண்டு கொடி உண்டு, அண்ணே," என்றது முள்ளி. "பத்து முழம் கொண்டு வாங்க."

ஒருவர் தரும் இலவசத்தை நம்பியிருந்தால் அவர் இல்லாத அன்று எல்லோரும் தவிக்க வேண்டும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியதே ஆபத்தில் எல்லோரையும் காக்கும்.