நீலயாளியும் ஒரு வாக்கும்

சென்னியப்பன் சங்க அலுவலகத்தின் படியேறி வந்தபோது கூட்டம் தொடங்கச் சிறிது நேரம்தான் இருந்தது. கீழே தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சிலர் தடை வேண்டும் என்று கத்தினார்கள். சிலர் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

ஹாஜிரா ஜன்னலைச் சாத்தினார்.

"உட்காருங்கண்ணா."

"உட்கார வரலீங்க டீச்சர். ஒண்ணே ஒண்ணு கேட்கணும். நீலயாளியைத் தடை பண்ணப் போறீங்களா?"

ஹாஜிரா அவனைவிடப் பத்து வயது இளையவர். 'மாயவேட்டை' என்ற விளையாட்டில் ஒரு காலத்தில் மாநில சாம்பியன். இப்போது திருப்பூரில் இயங்கும் மாநிலச் சங்கத்தில், போட்டி விதிகளை முடிவு செய்யும் குழுவுக்குத் தலைவர். சென்னியப்பன் தனியார் பஸ் ஓட்டுநர். ட்ரிப்புக்கும் ட்ரிப்புக்கும் நடுவே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் போனில் ஆடத் தொடங்கியவன். ஒருநாள் அவரைத் தேடி வந்து, "எனக்கு இதை ஒழுங்கா சொல்லிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவர் அவனுக்கு டீச்சர்.

மாயவேட்டையில் ஆளுக்கு ஆறு விலங்குகள். ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கி மோதவிட வேண்டும். கடைசி விலங்கு யாருடையதோ அவருக்கு வெற்றி. வெளிநாட்டில் இதைத் தயாரிக்கும் நிறுவனம் இந்த வருடம் புதிதாக ஒரு விலங்கை விட்டது. அதுதான் நீலயாளி. அதன் மேல் விழும் ஒவ்வொரு அடியிலும் பாதி அதற்கே பலமாகச் சேரும். அடிக்க அடிக்க வளரும்.

அந்த யாளியை வைத்துத்தான் சென்னியப்பன் மாவட்டப் பட்டம் வென்றான். பஸ் ஸ்டாண்டில் சக ஓட்டுநர்கள் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். இந்த வயசில் என்ன கேம் என்று சிரித்த முதலாளி, சால்வை போட்டார். அவன் மனைவி அந்தச் சால்வையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினாள். அடுத்த வாரம் சேலத்தில், யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய மாநிலப் போட்டி.

"குழுவுல அஞ்சு பேரு. ரெண்டு பேரு தடைங்கறாங்க, ரெண்டு பேரு வேண்டாம்ங்கறாங்க. மிச்சம் நீங்கதான். ஊருக்கே தெரியும்" என்றான்.

"ஆமாண்ணா."

"பலமா இருக்கறது ஒரு குத்தமுங்களா?"

ஹாஜிரா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார்.

"யாளியை ஜெயிக்க முடியலைன்னு அழறாங்க. முடியும். யாரும் மெனக்கெடறதில்லை. மெனக்கெடாதவனுக்காக விதியை மாத்துவீங்களா?"

"முடியுமா?"

"முடியுமுங்க."

ஹாஜிரா மேஜையில் கிடந்த தம் போனை எடுத்தார்.

"அப்ப காட்டுங்க. நான் யாளியை வெச்சு ஆடறேன். நீங்க யாளி இல்லாம ஆடுங்க. நீங்க ஜெயிச்சா, தடை வேண்டாம்னு கை தூக்கறேன்."

சென்னியப்பன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"வாக்குங்களா?"

"வாக்குதான்."

"தோத்துட்டா?"

"தோத்துட்டா என்கிட்ட ஒண்ணும் கேட்காதீங்க."

இப்போது சென்னியப்பன் உட்கார்ந்தான்.

அவனிடம் ஓர் அணி இருந்தது. யாருக்கும் காட்டாதது. எதிரியும் யாளியோடு வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் கட்டிய அணி. பல வாரம் அதை மாற்றி மாற்றிப் பார்த்திருந்தான். அதைத் திறந்தான்.

ஆட்டம் தொடங்கியது. ஹாஜிரா எடுத்த எடுப்பிலேயே யாளியை இறக்கினார்.

சென்னியப்பனின் கீரி முதல் அடியிலேயே விழுந்தது. ஆமை கொஞ்சம் தாக்குப்பிடித்தது, பிறகு அதுவும் போயிற்று. மூன்றாவதாக வௌவால். அது விழுவதற்கு முன் யாளியைக் கடித்து விஷம் ஏற்றிவிட்டது. ஹாஜிராவின் புருவம் சுருங்கியது.

விஷம் அடி அல்ல. யாளி அதைத் தின்ன முடியாது.

ஹாஜிரா யாளியைப் பின்வாங்கச் செய்யப் பார்த்தார். சென்னியப்பன் உடும்பை இறக்கினான். உடும்பு பிடித்தால் எதிரி களத்தைவிட்டு நகர முடியாது. யாளி உடும்பை அடித்தது. உடும்பு விடவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. யாளியின் உயிர்க்கோடு மெல்ல மெல்லக் குறைந்தது.

கீழே சத்தம் கூடியது. யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.

உடும்பு விழுந்தது. விலாங்கு வந்தது, அதுவும் விழுந்தது. சென்னியப்பனிடம் மிச்சம் ஒரு தேவாங்கு. அது ஒரு அடிகூடத் தாங்காது. யாளிக்கும் அடுத்த விஷம் ஏறினால் முடிந்தது. ஆனால் யாளியின் அடி முதலில் விழும்.

தேவாங்குக்கு ஒரு வித்தை உண்டு. எதிரி அடிக்கும் அதே நேரத்தில் கண்ணைக் காட்டினால் எதிரி தூங்கிவிடும். எதிரி அடிக்காமல் தற்காத்துக்கொண்டால், கண்ணைக் காட்டிய தேவாங்கு தானே மயங்கிவிடும். மயங்கினால் யாளிமேல் ஏறிய விஷமும் முறிந்துபோகும், அதன்பின் யாளிக்கு வேலை சுலபம்.

ஹாஜிரா அடிப்பாரா, தற்காப்பாரா?

சென்னியப்பனின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. விரலைத் திரைமேல் வைத்தபடி யோசித்தான். டீச்சர் நிதானக்காரர். இந்த மாதிரி நேரத்தில் தற்காத்துக்கொள்வதுதான் அவர் பழக்கம். ஆனால் அது தனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

கண்ணைக் காட்டினான்.

ஹாஜிரா அடித்திருந்தார்.

யாளி தூங்கியது. விஷம் ஏறியது. யாளி சரிந்தது. அதற்குப் பின்னால் ஹாஜிராவிடம் இருந்தவை யாளிக்கு எடுபிடி வேலை செய்ய வந்த விலங்குகள். தேவாங்கு ஒவ்வொன்றாகத் தூங்க வைத்து முடித்தது.

சென்னியப்பன் எழுந்து நின்றுவிட்டான். அழுகையா சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை.

"பார்த்தீங்களா டீச்சர்! பார்த்தீங்களா!"

"பார்த்தேண்ணா. நான் ஆடினதுலயே இப்படி ஒரு ஆட்டம் பார்த்ததில்லை."

"வாக்கு?"

"வாக்கு வாக்குதான். தடை வேண்டாம்னு கை தூக்கறேன்."

ஹாஜிரா போனைக் கவிழ்த்து வைத்தார். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"சேலத்துக்கு இந்த ஆறையும்தானே கொண்டு போறீங்க?"

"எது? இதையா?"

"ஆமா."

"இல்லீங்க டீச்சர். யாளியோடதான் போவேன்."

"ஏன்?"

"எல்லாரும் யாளியோட வருவாங்களே."

"வரட்டும். இப்பதானே அதை ஜெயிச்சீங்க?"

சென்னியப்பன் வாயைத் திறந்தான். "அதுங்க…" என்று ஆரம்பித்தான்.

ஹாஜிரா காத்திருந்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு கூட்ட அறைக்குப் போனார்.

சென்னியப்பனின் போனில் தேவாங்கு இன்னும் குதித்துக்கொண்டிருந்தது. அதை வளர்க்க அவன் எவ்வளவோ பாடுபட்டிருந்தான். ஆனால் அதைப் போட்டிக்குக் கொண்டுபோவதாக ஒருநாளும் நினைத்ததில்லை. யாளி வந்தபின் அவனிடமிருந்த மற்ற விலங்குகள் என்ன ஆயின என்று நினைத்துப் பார்த்தான். அவற்றின் பெயர்கள்கூடச் சட்டென்று ஞாபகம் வரவில்லை.

கூட்ட அறையின் கதவு திறந்தே கிடந்தது. ஆட்டக்காரர்கள் சுவரோரமாக நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களோடு போய் நின்றான். பக்கத்தில் வெண்மதி. அவள் வருடக்கணக்காக மின்விலாங்கை வைத்து ஆடியவள். போன மாதம் முதல் சுற்றிலேயே அவனிடம் தோற்றாள். அதோடு விளையாட்டை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"என்ன வெண்மதி, ஆடறதில்லைன்னாங்க?"

"ஆடறதில்லைண்ணா. சும்மா பார்க்க வந்தேன்."

"மின்விலாங்கு?"

"இருக்குது. யாளிகிட்ட நிக்காதுங்களே. யாளியை வெச்சு ஆட எனக்குப் பிடிக்கலை." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

குழுவில் இருந்த ஸ்டீபன் எழுந்தார். போட்டிகள் நடக்கும் அரங்கம் அவருடையது. யாளி வந்தபின்தான் கூட்டம் வருகிறது என்று நம்புகிறவர்.

"பேசிப் பேசி நேரம்தான் ஆகுது. நேரா ஓட்டுக்குப் போயிரலாம். தடை வேணும்ங்கறவங்க?"

இரண்டு கைகள் உயர்ந்தன. எல்லோரும் ஹாஜிராவைப் பார்த்தார்கள். அவர் கை மேஜைமேல் இருந்தது.

சுவரோரம் ஒரு முனகல் எழுந்தது. "டீச்சரே விட்டுட்டாங்கப்பா" என்றார் ஒருவர்.

"வேண்டாம்ங்கறவங்க?"

ஸ்டீபனும் இன்னொருவரும் கை தூக்கினார்கள். ஹாஜிராவின் கை மேஜையைவிட்டு எழுந்தது.

"டீச்சர், கையை இறக்குங்க!"

சென்னியப்பன் தன் குரலைத் தானே அப்போதுதான் கேட்டான். அறை முழுக்கத் திரும்பியது.

"சென்னியப்பா, ஆட்டக்காரங்க இங்க பேசக் கூடாது" என்றார் ஸ்டீபன்.

"தெரியுமுங்க. எனக்கு அவங்க ஒரு வாக்குக் கொடுத்திருக்காங்க. அதைத் திருப்பிக் கொடுக்கறேன். அவ்வளவுதான்."

"உனக்கு என்ன பைத்தியமா? அந்த யாளி இல்லைன்னா நீ யாருன்னு யாருக்குத் தெரியும்?"

சென்னியப்பன் ஸ்டீபனை விட்டு ஹாஜிரா பக்கம் திரும்பினான். அவனுக்கும் அந்தக் கேள்விதான்.

ஹாஜிரா அவனையே பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

ஹாஜிரா கையை இறக்கினார்.

"என் ஓட்டு தடைக்கு."

வெளியே வந்தபோது கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். ஃப்ளெக்ஸ் வைத்த ஓட்டுநர்கள் அவனிடம் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்களேவா?" என்று மட்டும் கேட்டாள்.

சேலத்துக்கு அவன் புதிதாக ஓர் அணியைக் கட்டிக்கொண்டு போனான். முதல் சுற்றில் ஜெயித்தான். இரண்டாவது சுற்றில் ஈரோட்டுக்காரன் ஒருவனிடம் தோற்றான். நல்ல ஆட்டம்தான். ஆனாலும் தோற்றான். அரங்கில் எல்லாத் திரையிலும் வேறு வேறு விலங்குகள் மோதிக்கொண்டிருந்தன. சிலவற்றை அவன் அதற்கு முன் பார்த்ததே இல்லை. தடைக்குப் பின் மறுபடி ஆட வந்த வெண்மதி காலிறுதி வரைக்கும் போனாள்.

மாலையில் சேலம் பஸ் ஸ்டாண்டில், திருப்பூர் வண்டிக்காகச் சென்னியப்பனும் ஹாஜிராவும் காத்திருந்தார்கள். ஹாஜிரா இரண்டு டீ வாங்கி வந்தார். சென்னியப்பன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமுங்களா?"

"கேளுங்கண்ணா."

"அன்னைக்கு நான் வாயைத் திறக்காம நின்னிருந்தா?"

"தடை வேண்டாம்னு கை தூக்கியிருப்பேன்."

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"வாக்குக் கொடுத்துட்டேனே."

"நான் பேசுவேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வெண்மதி, மத்தவங்க… எல்லாரும் போயிருப்பாங்களே டீச்சர். இவ்வளவு பெரிய விஷயத்தை என்னை நம்பி எப்படிங்க பணயம் வெச்சீங்க?"

ஹாஜிரா டீயைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு ஆட்டத்தை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருக்கேனோன்னு, நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் பயந்துக்கிட்டேதாண்ணா உட்கார்ந்திருந்தேன்."