குகையில் வைத்த மாவுக்கட்டி

மலையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு நடுவழியில் ஒரு குகை. மழையில் மாட்டிக்கொண்டவர்கள் பசியாற, அங்கே பானையில் மாவுக்கட்டி வைப்பது அடிவாரத்து மடத்தின் வழக்கம். அரிசியும் பாசிப்பயறும் வறுத்துத் திரித்து, சுக்குத் தட்டி, கருப்பட்டிப் பாகில் கிளறி, சூட்டோடு உள்ளங்கையால் அழுத்த வேண்டும். ஆறினால் கல்தான்.

மடத்தின் குரு நாச்சியாரம்மை. சீடர் பூமிநாதர் வயதில் அவளுக்கு மூத்தவர். கல்யாண வீடுகளில் சமைத்துப் பேர் வாங்கிவிட்டு வந்தவர்.

"அம்மை, இதை மாடுகூட மோந்து பாக்காது. கொஞ்சம் தேங்காய் போடட்டுமா?"

"வேண்டாம். கெட்டுப்போகும்."

"எவன் வந்து திங்கப்போறான்? யாருக்குக் கிண்டுறோம்னாவது சொல்லுங்க."

"எனக்கும் தெரியாதே" என்று சிரித்தாள். "கொண்டுபோய் வச்சிட்டு வாரும்."

அவள் தலை மறைந்ததும் தேங்காய் துருவிப் போட்டார். சமைத்துப் பழகின கை, சும்மா இருக்குமா?

கார்த்திகையில் பானைகளைப் பார்த்துவரக் குகைக்குப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஓடையில் வெள்ளம், இறங்க வழியில்லை. ஒருநாள் பசி பொறுத்தார். மறுநாள் கண்ணை இருட்டியது. தன் பானையைத் திறந்தார். குப்பென்று சிக்கு வாடை. கட்டியெல்லாம் பச்சைப் பூசணம்.

மூலையில் இன்னொரு பானை, மெழுகு பூசி மூடியது. ஒரு கட்டியை உடைத்துத் துண்டை வாயில் ஒதுக்கினார். கருப்பட்டி மெல்லக் கரைந்தது. உயிர் திரும்பி வருவது அவருக்கே தெரிந்தது.

அடுத்ததை எடுத்தபோதுதான் பார்த்தார். மேலே ஒரு உள்ளங்கை பதிந்திருந்தது. ரேகைகூட அழியவில்லை. தன் கையை அதன்மேல் வைத்தார்.

வெள்ளம் வடிந்ததும் இறங்கி வந்து அம்மை முன்னால் விழுந்தார்.

"தேங்காய் போட்டுட்டேன்."

"போடாம இருந்திருந்தாத்தான் அதிசயம். எழுந்திரும்."

"மெழுகுப் பானை யார் வச்சது?"

"கோமதிநாயகம்னு ஒருத்தர். நீர் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தவர்."

"இப்ப எங்க?"

அம்மை வேப்பமரத்தடிச் சமாதியைக் காட்டினாள்.

பூமிநாதர் சமாதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"என் முகத்தைக்கூட அவர் பாத்ததில்லையே, அம்மை. நான் யாருன்னே அவருக்குத் தெரியாதே."

"பசிக்கும்னு தெரியும்" என்றாள் நாச்சியாரம்மை.