உள்ளான்களை எண்ணிய காலை

அந்தக் கடலோர ஆசிரமத்தில் ஐப்பசி பிறந்தால் பாடம் கிடையாது. காலையில் கரையோரம் நடந்து, வடக்கே பனி நாடுகளிலிருந்து வந்திறங்கும் பறவைகளைப் பார்க்க வேண்டும். அதுதான் பாடம். குரு அமிர்தவல்லிக்கு நாற்பத்தைந்து வயது. பறவையைக் கண்டால் பத்து வயது.

அன்று அவருடன் நடந்தவர் சீடர் சாம்பசிவம். அறுபத்து மூன்று வயது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை விட்டு வந்து இரண்டு வருடமாகிறது. முந்தின நாள் மகளிடமிருந்து கடிதம் வந்திருந்தது. பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள் அப்பா என்று எழுதியிருந்தாள். அதைப் பத்துத் தடவை படித்துவிட்டார். போனால் துறவு போச்சு. போகாவிட்டால் மனசு கேட்காது.

அலை பின்வாங்கிய ஈர மணலில் உள்ளான்கள் குடுகுடுவென்று ஓடிப் புழு கொத்தின. அவ்வளவு தூரம் பறந்து வந்த களைப்பே இல்லை. பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. சாம்பசிவம் மட்டும் நிமிர்வதும் நோட்டில் எழுதுவதுமாக வந்தார். வந்தவை, போனவை என்று இரண்டு பத்தி போட்டிருந்தார். ரயில் போய்ப் பறவை வந்தாலும் பழக்கம் விடுமா?

"எத்தனை ஐயா?" என்று கேட்டார் குரு.

"வந்தவை இருநூற்று நாற்பது. போனவை இருநூறு."

"போச்சா? எங்க போச்சு?"

"அலை வந்தப்ப எழும்பிப் போயிடுச்சும்மா. அப்புறம் வேற கூட்டம் வந்து உட்கார்ந்துச்சு. இப்படி அஞ்சு தடவை."

குருவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, இருக்கிறதே நாற்பதுதான். ஒரு சுத்து சுத்திட்டு அதேதான் திரும்ப வந்து உட்காருது."

சாம்பசிவம் நோட்டைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண் கலங்கியது. மடியிலிருந்த கடிதத்தை எடுத்து நீட்டினார்.

குரு படித்தார். முகம் மலர்ந்தது.

"பேத்தியா? இன்னைக்கே பஸ் ஏறுங்க."

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன் நான். பிள்ளையைக் கையில வாங்கினா அங்கேயே ஒட்டிக்குவேனோன்னு பயமா இருக்கு. திரும்பி வந்துடுவேன்னு உங்ககிட்ட உறுதி சொல்ல முடியலம்மா."

அலை வந்தது. நாற்பதும் ஒன்றாக எழும்பி, வெயிலில் பளிச்சென்று திரும்பின. குரு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன பங்குனியில இதுங்க ஊருக்குக் கிளம்பினப்ப, ஐப்பசியில வந்துடணும்னு நான் ஒண்ணுகிட்டயும் சத்தியம் வாங்கலையே ஐயா."