தேயாத டயரும் நாலு அண்ணன்மாரும்

மொடக்காம்பாளையத்து அண்ணன் தம்பி நாலு பேரைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் பாக்கியசாலிகள். நான் கேள்விப்பட்டுவிட்டேன். நீங்கள் மட்டும் எதற்கு நிம்மதியாக இருக்க வேண்டும்?

மூத்தவர் அத்தப்பன். அடுத்தவர் ராக்கியப்பன். மூன்றாவது நாச்சிமுத்து. கடைசி மாரப்பன். அப்பா காலமானதும் சொத்தைப் பிரித்தார்கள். அவருடைய பழைய அம்பாசிடர் காரைப் பிரிக்கும்போது, ஆளுக்கு ஒரு டயர் என்று பேசி முடித்தார்கள். இன்ஜினை யாரும் கேட்கவில்லை. மூடிக்கு அடியில் இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. தங்கை பூங்கொடிக்கு ஸ்டெப்னியைக் கொடுத்தார்கள். பெண்பிள்ளையை வெறுங்கையோடு விடக் கூடாதாம்!

பூங்கொடிக்குத் தாராபுரத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. நகை கேட்கவில்லை, சீர் கேட்கவில்லை. "அப்பா கார்லதான் மண்டபத்துக்குப் போவேன்" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அந்தக் காரில்தான் அப்பா அவளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். ஆனால் காருக்கு எஃப்.சி., அதாவது ரோட்டில் ஓடத் தகுதி என்ற சான்று, காலாவதியாகிப் போயிருந்தது. தாராபுரம் ரோட்டிலோ போலீஸ்காரர்கள் வண்டிகளை மறித்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே நாலு பேரும் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காரைக் காட்டப் போனார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக் காலால் தட்டினார்.

"நாலும் மொட்டை. பட்டனெல்லாம் தேஞ்சு பள்ளமே இல்லை. ஒரு ரூபாய்க் காசை வெச்சா அது கொஞ்சமாவது உள்ளே மறையணும். அப்படி மறையற டயரோட வாங்க."

நாலு பேரும் தோட்டத்துக்குத் திரும்பி, காரைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். பார்த்தால் பார்லிமென்ட் தோற்றுவிடும்.

"காசு மறையோணும்னுதானே சொன்னாரு?" என்றார் அத்தப்பன்.

"ஆமாங்ணா. டயரை மாத்தச் சொல்லவே இல்லீங்க" என்றார் ராக்கியப்பன்.

தேங்காய் உரிக்கிற கத்தியை எடுத்து, ஆளுக்கு அவரவர் டயரில் ஒரு வெட்டு வெட்டிக் காசைச் செருகினார்கள். காசு அழகாக மறைந்தது. கூடவே காற்றும் போய், கார் சோர்ந்து தரையில் உட்கார்ந்தது.

"காத்தைப் பத்தி அவரு பேசவே இல்லியே" என்றான் மாரப்பன். மற்ற மூவரும் ஆமோதித்தார்கள்.

பூங்கொடி வந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்ளவும் அலுத்துப் போயிருந்தது அவளுக்கு. தானே டவுனுக்குப் போய் நாலு புது டயர் வாங்கி, ஆள் வைத்து மாட்டிக் கொடுத்தாள்.

"அண்ணா, கும்பிட்டுக் கேக்கறேன். நீங்களா எதுவும் பண்ணாதீங்க. அப்படியே கொண்டுபோய்க் காட்டீட்டு வாங்க, போதும்."

புது டயரில் ரப்பர் இழைகள் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். மொட்டை இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நாச்சிமுத்துவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, நாலு டயருக்கும் தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரிவிட்டார். இன்ஸ்பெக்டர் எதிரில் நின்று, வண்டியை ஓட்டி வந்து பிரேக் போடச் சொன்னார். பிரேக் போட்டும் கார் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே வந்தது. இன்ஸ்பெக்டர் வேப்பமரத்தடிக்குத் தாவினார்.

"என்னய்யா தடவியிருக்கீங்க?"

"சுத்தமான செக்கெண்ணெய்ங்க சார்."

சோப்புப் போட்டுக் கழுவவைத்து, மறுபடி ஓட்டிப் பார்த்து, இவர்கள் முகத்தில் இனி விழிக்கக் கூடாது என்ற ஒரே வேண்டுதலில் எஃப்.சி. கொடுத்தார் அந்த மனிதர். கொடுத்தவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். "டயரைத் தேய விட்டுடாதீங்க. மறுபடி மொட்டையாச்சுன்னா வண்டி ரோட்டுல போகக் கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

போதாதா?

கல்யாணத்தன்று காலை பூங்கொடி அலங்காரம் முடித்து வெளியே வந்தபோது, அப்பாவின் கார் டிராக்டர் டிரெய்லரின் மேல் நின்றுகொண்டிருந்தது. உருண்டால் தேய்ந்துவிடும் அல்லவா! கண்ணாடி தெரியாதபடி சுற்றிலும் பூச்சரம் தொங்கியது. ஏறுவதற்கு ஏணி சாத்தியிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது, வேறு வண்டி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். ராக்கியப்பன் டிராக்டரை ஓட்ட, அத்தப்பன் மேலே காருக்குள் ஸ்டீயரிங்கைப் பிடித்து, வளைவு வந்தபோதெல்லாம் ஹாரன் அடித்தார்.

பாதி வழியில் போலீஸ்காரர் மறித்தார். அவரும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கார் டயரெல்லாம் ஜோரா இருக்கு. டிராக்டர் டயர் மொட்டை. கார் போகலாம், டிராக்டர் போகக் கூடாது."

வேறு வண்டிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான். நம்மவர்கள் டிராக்டர் நிழலில் வட்டமாக உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நல்ல டயரு காருக்குத்தானே இருக்குது?" என்றார் அத்தப்பன்.

"ஆமாங்ணா."

"அப்ப மேலயும் கீழயும் மாத்தி வெச்சுப்போட்டோம். டிராக்டரைத் தூக்கிக் கார் மேல வெச்சிரலாம்."

"ரெண்டுமே சட்டப்படி போயிருமுங்ணா!" என்று நாச்சிமுத்து, மூத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு புத்தி நம் குடும்பத்தில் இருக்கிறதே என்று அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான் கலங்கியது. காரணம் வேறு.

கயிறு எடுக்க ஒருவரும், கட்டை தேட ஒருவருமாகக் கிளம்பினார்கள். போலீஸ்காரர் நெடுநேரம் பார்த்துவிட்டு, வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்ற யோசனையோடு நகர்ந்தார். பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரெய்லரில் கூடவே வந்திருந்த ஏணியை வைத்து இறங்கினாள். பட்டுப்புடவையும் மாலையுமாக, வந்த தாராபுரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனாள். டிராக்டருக்கு அடியில் கயிறு கட்டிக்கொண்டிருந்த நாலு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

டிராக்டர் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. அப்போது அத்தப்பனின் போன் அடித்தது.

"அண்ணா, பூங்கொடி பேசறேன். தாலி கட்டியாச்சு. சாப்பாட்டுக்காவது வந்து சேருங்க."

அத்தப்பன் போனை வைத்துவிட்டுத் தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"பூங்கொடிக்குக் கல்யாணம் ஆயிருச்சாமாப்பா. மண்டபத்துல இருந்து பேசறா."

நாலு பேரும் மெல்லத் தலையைத் தூக்கி, டிரெய்லரின் மேல் பூச்சரம் தொங்கும் காரைப் பார்த்தார்கள்.

"அப்ப கார்ல உக்காந்திருக்கறது யாருங்ணா?" என்றான் மாரப்பன், குரலைத் தாழ்த்தி.

யாரோ வீட்டுப் பெண், கதவைத் திறப்பது மரியாதையில்லை. அத்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூச்சரத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பணிவாகக் கேட்டார்:

"ஏனுங்கம்மா, நீங்க எந்தக் கல்யாணத்துக்குப் போகோணுமுங்க?"